கழற்றிவிடப்பட்ட மூத்த வீரரைச் சேர்க்கலாமா? பிர்லோ முதல் மோட்ரிச் வரை

ஐரோப்பியக் கால்பந்தில் ஜூன் 30 முக்கியமான தேதி. பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தங்கள் அன்றைக்குத்தான் முடிகின்றன. அப்படி முடிந்து வெளியே வருகிறவர்களில் ஒவ்வோர் ஆண்டும் சில பெரிய பெயர்கள் இருக்கும். முப்பதைத் தாண்டியவர்கள், கோப்பை தூக்கியவர்கள், ஒரே சட்டையில் பத்தாண்டு ஆடியவர்கள். அவர்களின் கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்திருக்கும், அல்லது ஏற்க முடியாத நிபந்தனையை முன்வைத்திருக்கும்.

உடனே மற்ற கிளப்புகளின் ரசிகர்களிடையே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். பழைய கிளப்புக்குக் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபர் கட்டணம் ஒரு பைசா இல்லாமல் உலகத்தரமான ஆட்டக்காரர் கிடைக்கிறார், விடலாமா என்பார்கள் சிலர். இத்தனை வருடம் கூடவே வைத்திருந்தவர்களே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள், நமக்கு மட்டும் எதற்கு என்பார்கள் மற்றவர்கள். முதல் தரப்பு பழைய கோல்களின் வீடியோவைக் காட்டும். இரண்டாம் தரப்பு பிறந்த தேதியைக் காட்டும்.

இரண்டுமே பாதி விஷயம்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது அவரை விட்ட கிளப்பை. எந்தக் காரணத்துக்காக விட்டார்கள்? அந்தக் காரணம் நம் கிளப்புக்கும் பொருந்துமா? அங்கே பயிற்சியாளரின் திட்டத்தில் இடமில்லாமல் போனவருக்கு இங்கே இடம் இருக்கலாம். அங்கே சம்பளப் பட்டியல் தாங்காமல் விட்டவரை இங்கே தாங்கலாம். ஆனால் கெண்டைக்கால் தசை தாங்காமல் விட்டிருந்தால், அந்தக் கால் எந்த ஊருக்குப் போனாலும் அதே கால்தான். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இப்படிக் கைமாறிய பெரிய பெயர்களை இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நிறையத் தெளிவாகிறது.

மிலான் விட்டது, யுவென்டஸ் எடுத்தது

2011 மே மாதம் இத்தாலியின் ஏசி மிலான் கிளப் நடுக்கள வீரர் ஆந்திரேயா பிர்லோவைப் போகவிட்டது. அவருக்கு வயது 32. மிலானில் பத்தாண்டுகள், ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு கோப்பைகள் (2003, 2007), இரண்டு இத்தாலிய லீக் பட்டங்கள். நடுவில் இத்தாலியோடு 2006 உலகக் கோப்பை. ஆனால் கடைசி சீசனில் லீக்கில் அவர் ஆடியது 17 ஆட்டங்கள் மட்டுமே.

காரணங்கள் மூன்று. முதலாவது பயிற்சியாளர். அந்த சீசனில் புதிதாக வந்த மாசிமிலியானோ அல்லெக்ரி, தடுப்பு வரிசைக்கு முன்னால் உடல்பலத்தோடு நின்று பந்தைப் பறிப்பவரை விரும்பினார். அம்ப்ரோசினி அந்த இடத்தில் ஆடினார். ஜனவரியில் மார்க் வான் போம்மெலும் வந்துசேர்ந்தார். ஆழத்தில், அதாவது தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால், நின்று ஆட்டத்தை நடத்திய பிர்லோவை இடப்பக்கமாக நகர்த்தினார்கள். இரண்டாவது கிளப்பின் கொள்கை: முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரே ஓர் ஆண்டு நீட்டிப்புதான். பிர்லோ அதற்கு மேல் எதிர்பார்த்தார். மூன்றாவது காயங்கள்.

அந்த சீசனில் மிலான் பட்டம் வென்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவும் பிர்லோ பாதி நாள் வெளியே இருந்தபோது. மிலான் நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த முடிவில் பெரிய பிழை தெரிந்திருக்காது. அவர் இல்லாமலே ஜெயிக்க முடிகிறது, அப்புறம் எதற்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம்?

டூரின் நகரத்து யுவென்டஸ் அதே மூன்று ஆண்டைக் கொடுத்தது. அப்போது அவர்கள் தொடர்ந்து இரண்டு சீசன்களாக ஏழாம் இடத்தில் முடித்திருந்தார்கள். மிலான் சொன்ன மூன்று காரணங்களில் இரண்டு டூரினில் செல்லாது. அங்கே அந்த இடத்துக்கு ஆள் இல்லை. முப்பது வயது விதியும் இல்லை. காயம் ஒன்றுதான் மிச்சமிருந்த ஆபத்து. அதை மட்டும் எடைபோட்டால் போதும் என்கிற நிலையில் யுவென்டஸ் இருந்தது.

2011 செப்டம்பர் 11, புதிய மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், எதிரணி பார்மா. நடுக்களத்திலிருந்து பிர்லோ தூக்கிக் கொடுத்த பந்து தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே போய், வலப்பக்கத்திலிருந்து ஓடிவந்த லிஷ்ட்ஸ்டைனரிடம் விழுகிறது; கோல். அந்த மைதானத்தின் முதல் லீக் கோல் அது. ஆட்டம் 4-1 என முடிந்தது. அந்த சீசன் முழுக்க யுவென்டஸ் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 23 வெற்றி, 15 டிரா, 84 புள்ளிகள். இரண்டாமிடத்தில் 80 புள்ளிகளோடு நின்றது மிலான். பிர்லோ 37 லீக் ஆட்டங்களில் ஆடி, 13 கோல்களுக்குப் பந்து கொடுத்தார். லீக்கில் அதுதான் அதிகம்.

இந்தக் கதையை எல்லோரும் "மிலான் ஏமாந்தது" என்று முடித்துவிடுவார்கள். நான் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, அவரைச் சுற்றி இருந்தவர்கள். அதே கோடையில் லெவர்குசனிலிருந்து ஆர்துரோ விடால் வந்தார். கிளவுடியோ மார்கிசியோ ஏற்கெனவே இருந்தார். இருவரும் ஓயாமல் ஓடிப் பந்தைப் பறிப்பவர்கள். பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டே இரண்டே நடுக்கள வீரர்களை வைத்து ஆடும் தன் பழைய திட்டத்தைக் கைவிட்டு மூவரை நிறுத்தினார். பிர்லோ ஓட வேண்டிய தூரத்தை மற்ற இருவரும் ஓடினார்கள். இரண்டாவது விஷயம், ஏழாம் இடத்தில் முடித்ததால் யுவென்டஸுக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியே கிடையாது. பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம். 32 வயதுக் காலுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. மிலானில் 17 ஆட்டங்களோடு நின்ற அதே உடல் டூரினில் 37 ஆட்டங்களுக்குத் தாங்கியதில் அட்டவணைக்கும் பங்கு உண்டு.

2014இல் கோன்டே விலகியபோது யுவென்டஸின் பயிற்சியாளராக வந்தவர் இதே அல்லெக்ரிதான். பிர்லோவை அவர் அதே ஆழமான இடத்தில் வைத்தே ஆடவிட்டார். லீக் வென்றார்கள், 2015 ஜூனில் பெர்லினில் பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம்வரை போனார்கள். மிலானில் இடமில்லை என்று நினைத்த அதே மனிதர் இங்கே இடம் கொடுத்தார் என்றால், அன்றைய மறுப்பு பிர்லோவின் திறமையைப் பற்றியதாக இருந்திருக்காது. அன்றைய மிலான் அணி எப்படி அமைந்திருந்தது என்பதைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும்.

"இலவசம்" என்பதன் விலை

ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணமின்றி வேறு கிளப்புக்குப் போகலாம் என்பது இன்று எல்லோருக்கும் இயல்பாகத் தெரிகிறது. 1995க்கு முன் அப்படி இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் கட்டணம் கேட்டு வழிமறிக்கலாம். பெல்ஜியத்தின் லீஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மன் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இப்போது ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு வீரர் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட முடியும். வீரர்களை வாங்க, விற்க அனுமதிக்கப்பட்ட டிரான்ஸ்ஃபர் காலம் முடிவதற்குள் ஒப்பந்தம் தீர்ந்துவிட்ட வீரரை அதன் பிறகு பதிவு செய்யவும் ஃபிஃபா விதிகளில் வழி இருக்கிறது. அதனால்தான் காயங்களால் தவிக்கும் அணிகள் அக்டோபர், நவம்பரில்கூட இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கின்றன.

கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவு இல்லை என்று ஆகிவிடாது. ஒரு பேச்சுக்கு, 24 வயது வீரரை 4 கோடி யூரோவுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் கணக்கேட்டில் ஆண்டுக்கு ஒரு கோடியாக அந்தத் தொகை எழுதப்படும். மூன்றாம் ஆண்டில் அவரை விற்றால் போட்டதில் ஒரு பகுதியாவது திரும்ப வரும், நன்றாக ஆடினால் லாபமும் வரும். கழற்றிவிடப்பட்ட 34 வயது வீரர் விஷயத்தில் அந்தக் கட்டணச் செலவே கிடையாது. ஆனால் கட்டணம் மிச்சமாகிறது என்பது அவருடைய ஏஜெண்டுக்கும் தெரியும். அதனால் கையெழுத்துக்கான போனஸ் பெரிதாக இருக்கும், ஏஜெண்டின் பங்கு இருக்கும், சம்பளமும் உயரும். கடைசியில் விற்க ஒன்றும் இருக்காது. அவருக்குக் கொடுப்பது முழுக்க அந்த ஓரிரு ஆண்டின் ஆட்டத்துக்கான விலை. ஆடினால் மிக மலிவு. காயத்தில் படுத்தால் மொத்தமும் போச்சு.

இன்னொரு செலவு கணக்கேட்டில் வராது. புதிதாக வந்த 34 வயதுக்காரருக்கு இவ்வளவா என்று அணியிலிருக்கும் 26 வயது நட்சத்திரத்தின் ஏஜெண்ட் அடுத்த மாதமே கதவைத் தட்டுவார். சம்பள ஏணியில் ஒரு படியை உயர்த்தினால் மற்றவையும் உயரும். நடுத்தரக் கிளப்புகள் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ராமோஸ்: சொன்ன காரணமும் இருந்த காரணமும்

கிளப்புகள் வெளியே சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு செர்ஜியோ ராமோஸ் நல்ல எடுத்துக்காட்டு. ரியல் மாட்ரிடில் 16 ஆண்டுகள், 671 ஆட்டங்கள், ஒரு தடுப்பாட்டக்காரருக்கு நம்ப முடியாத 101 கோல்கள். 2021 ஜூனில் அவர் கண்ணீரோடு விடைபெற்றார். கிளப் சம்பளக் குறைப்போடு ஓராண்டு தருவதாகச் சொன்னது, அவர் இரண்டு ஆண்டு கேட்டார். பிறகு அவர் ஒத்துக்கொள்ள வந்தபோது அந்த வாய்ப்புக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பிர்லோவின் கதையேதான். வயது விதி, ஓராண்டா இரண்டாண்டா என்ற இழுபறி.

பாரிஸின் பிஎஸ்ஜி அந்த இரண்டு ஆண்டைக் கொடுத்தது. ஜூலையில் கையெழுத்து. அந்தச் சட்டையில் அவர் முதன்முதலாகக் களமிறங்கியது நவம்பர் 28. முதல் சீசனில் மொத்தமே 13 ஆட்டங்கள். கெண்டைக்கால் தசை மறுபடியும் மறுபடியும் மக்கர் செய்தது.

இதை முன்கூட்டியே பார்த்திருக்க முடியாதா? முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். மாட்ரிடில் கடைசி சீசனில் அவர் ஆடியது 21 ஆட்டங்கள். 2021 பிப்ரவரியில் முழங்காலில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்த பிறகும் காயங்கள். அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்கான ஸ்பெயின் அணியில் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரைச் சேர்க்கவில்லை. கிளப்பின் கொள்கை என்று வெளியே சொல்லப்பட்டதன் அடியில் உடல் தந்த எச்சரிக்கை இருந்தது. பிர்லோவின் காயங்கள் ஒரு சீசனைக் கெடுத்தன. ராமோஸின் காயங்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. கைமாறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனை மூட்டையும் தசைநாரையும் இதயத்தையும் பார்க்கும். அடுத்த பிப்ரவரியில் இந்தத் தசை கிழியுமா என்பதை அதனால் சொல்ல முடியாது. கடந்த பதினெட்டு மாத ஆட்டப் பதிவேடுதான் அதற்குக் கிடைக்கிற சிறந்த ஆதாரம்: எத்தனை நாள் வெளியே இருந்தார், ஒரே இடத்தில் எத்தனை முறை அடிபட்டது, திரும்பி வந்த பிறகு தொடர்ந்து எத்தனை ஆட்டம் தாங்கினார்.

பிஎஸ்ஜியின் இன்னொரு தவறு, அந்த இடத்தில் அவர்களுக்கு நிரப்ப வேண்டிய பள்ளமே இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் மார்கினோஸும் கிம்பெம்பேயும் ஏற்கெனவே இருந்தார்கள். இரண்டாம் சீசனில் ராமோஸ் ஒழுங்காக ஆடினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனாலும் சாம்பியன்ஸ் லீக்குக்காக எடுக்கப்பட்டவர் இருந்த இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணி கடைசி 16 சுற்றைத் தாண்டவில்லை.

இதற்கு நேரெதிர், அதே பிஎஸ்ஜி அதற்கு முந்தைய ஆண்டு விட்ட தடுப்பாட்டக்காரர் தியாகோ சில்வா. 2020 கோடையில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கிளப் முன்பே அறிவித்திருந்தது. கொரோனாவால் சீசன் நீண்டதால், ஆகஸ்ட் 23 அன்று லிஸ்பனில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவர்தான் கேப்டன். ஐந்தே நாளில் இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் கையெழுத்துப் போட்டார். வயது 35, அடுத்த மாதம் 36. ஆனால் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆட்டத்தை முழுதாக ஆடி முடித்த கையோடு வந்தவர். உடல் பற்றிய கேள்விக்கு அதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும்?

செல்சியிடம் பள்ளமும் இருந்தது. முந்தைய லீக் சீசனில் 54 கோல்களை வாங்கியிருந்தார்கள். ஒப்பந்தமும் கவனமாகப் போடப்பட்டது: ஓராண்டு, விரும்பினால் இன்னோர் ஆண்டு. வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிரான முதல் லீக் ஆட்டம் மோசமாகப் போனது. தடுப்பு வரிசையில் கடைசி ஆளாக நின்றவர் காலுக்கு வந்த சாதாரணப் பந்தை நழுவவிட்டார். எதிரணி வீரர் அதை எடுத்துக்கொண்டு தனியாக ஓடிக் கோலடித்தார். துரத்திப் பிடிக்க சில்வாவிடம் வேகம் இல்லை. பாதி ஆட்டம் முடிவதற்குள் 3-0, கடைசியில் 3-3. இங்கிலாந்தின் வேகத்துக்கு இவர் சரிவர மாட்டார் என்று அன்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

2021 ஜனவரியில் தாமஸ் டூகல் பயிற்சியாளராக வந்து மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தினார். பாரிஸிலும் சில்வாவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் என்பதால் அவருக்கு எது முடியும், எது முடியாது என்பது டூகலுக்குத் தெரியும். நடுவில் சில்வா, இரு பக்கமும் அஸ்பிலிகுவேட்டா, ரூடிகர் போன்றவர்கள். முதுகுக்குப் பின்னால் போகும் பந்தைத் துரத்துவது அவர்கள் வேலை. முன்னால் வருவதைப் படித்து வெட்டுவது இவர் வேலை. அந்த சீசனில் செல்சி வாங்கிய லீக் கோல்கள் 36. கோல்கீப்பர் மெண்டியின் வரவும் அதற்கு ஒரு காரணம். மே மாதம் போர்டோவில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. ஓராண்டுக்கென்று வந்தவர் நான்கு ஆண்டுகள் இருந்து 2024இல்தான் போனார்.

எந்த இடத்தில் ஆடுகிறவர்

வயதாகும்போது முதலில் போவது குறுகிய தூரத்து வேகம்; அதோடு, ஒருமுறை முழு வேகத்தில் ஓடிய பிறகு மீண்டும் உடனே ஓடும் திறன். பக்கவாட்டில் ஓடும் விங்கர்களுக்கும் ஃபுல்பேக்குகளுக்கும் அதுதான் பிழைப்பு என்பதால் முப்பதுக்கு மேல் அவர்கள்மீது பணம் போடுவது ஆபத்து. கோல்கீப்பர், நடுத் தடுப்பாட்டக்காரர், ஆழத்தில் நிற்கும் நடுக்களக்காரர் ஆகியோர் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே படிப்பதை வைத்து ஆடுகிறவர்கள். அந்தப் படிப்பு வயதோடு வளர்கிறது. மேலே சொன்ன பிர்லோவும் சில்வாவும் இந்த வகையைச் சேர்ந்தவர்கள் என்பது தற்செயல் இல்லை.

சென்டர் ஃபார்வர்டுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். கோலுக்கு முன்னால் அந்த ஆறு கஜத்தில் வேலை செய்கிறவர் என்றால் காலம் கொஞ்சம் நீளும். 2020இல் பார்சிலோனாவின் புதிய பயிற்சியாளர் ரொனால்ட் குமன், லூயிஸ் சுவாரெஸுக்குத் தன் திட்டத்தில் இடமில்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். 33 வயது, பெரிய சம்பளம், பணமுடையில் தவித்த கிளப். அட்லெடிகோ மாட்ரிட் அவரை எடுத்தது. பின்னாளில் இலக்குகள் நிறைவேறினால் மட்டும் தர வேண்டிய அதிகபட்சம் 60 லட்சம் யூரோ தவிரக் கட்டணம் ஏதும் இல்லை. முதல் ஆட்டத்தில் கிரனடாவுக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடம் மட்டும் இறங்கி இரண்டு கோல். சீசனில் 21 லீக் கோல்கள். கடைசிக்கு முந்தைய வாரம் ஒசாசுனாவுக்கு எதிராக 88ஆம் நிமிடத்தில் வெற்றி கோல். கடைசி நாள் வயடோலிடில் மீண்டும் அவருடைய காலிலிருந்தே வெற்றி கோல். அட்லெடிகோ சாம்பியன். இங்கேயும் விட்ட காரணத்தைப் பாருங்கள்: புதிய பயிற்சியாளரின் திட்டமும் கிளப்பின் கஜானாவும். கோலடிக்கும் திறமை குறைந்துவிட்டது என்று பார்சிலோனாவும் சொல்லவில்லை.

அடுத்த சீசனில் அதே சுவாரெஸ் 11 லீக் கோல்களோடு நின்றார். 2022இல் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள். இந்த வகை ஒப்பந்தத்தில் முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணக் கூடாது.

ஸ்லாடன் இப்ராஹிமோவிச் மிலானுக்குத் திரும்பியதை நான் இதில் தனியாக வைக்கிறேன். 2019 டிசம்பர் 22 அன்று மிலான் அடலாண்டாவிடம் 5-0 என்று தோற்றது. சில நாளில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் கேலக்ஸி கிளப்போடு ஒப்பந்தம் முடிந்திருந்த 38 வயது இப்ராஹிமோவிச்சை ஆறு மாத ஒப்பந்தத்தில் அழைத்தார்கள். அந்தப் பாதி சீசனில் 10 லீக் கோல்கள். அடுத்த சீசனில் 19 ஆட்டங்களில் 15. இந்த இரண்டாவது எண்ணை இரு கண்ணாலும் பார்க்க வேண்டும்: 15 கோல் அபாரம், ஆனால் 38 ஆட்டத்தில் பாதிக்கு அவர் இல்லை. அவர் இல்லாத பாதியை மிலானின் இளைஞர்கள் ஆடிப் பழகிக்கொண்டார்கள். இத்தாலியின் மிக இளைய அணிகளில் ஒன்றாக இருந்த அந்த அணிக்கு, பயிற்சியில்கூட மெத்தனத்தைப் பொறுக்காத ஒரு மூத்தவர் தேவைப்பட்டார். 2022இல் மிலான் லீக் பட்டம் வென்றது. பதினோரு ஆண்டுக்குப் பின் கிடைத்தது. அந்த சீசனில் முழங்கால் வலியோடு அவர் போட்டது 8 கோல்கள்தான். ஆனாலும் ஒரு மூத்த வீரரிடமிருந்து ஒரு கிளப் எதிர்பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் அவர் தந்தார் என்றே சொல்வேன்.

பெஞ்சில் உட்காரச் சம்மதிப்பாரா என்பதையும் இந்த இடத்தில் கேட்டுவிட வேண்டும். 2022 அக்டோபரில் டாட்டனமுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்க கிறிஸ்டியானோ ரொனால்டோ மறுத்தார். அடுத்த மாதமே மான்செஸ்டர் யுனைடெட் அவரைவிட்டுப் பிரிந்தது. முந்தைய சீசனில் அதே அணிக்காக லீக்கில் 18 கோல் அடித்திருந்தவர் அவர். வாரத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே முகத்துக்கு நேராகப் பேசிவிடுவது கிளப்புக்கும் நல்லது, வீரருக்கும் மரியாதை.

நம் பக்கத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் ஒவ்வோர் அணியும் ஒரு புகழ்பெற்ற மூத்தவரைக் கொண்டுவந்தது. டெல்லிக்கு வந்த அலெஸாண்ட்ரோ டெல் பியரோ அந்த சீசனில் ஒரே ஒரு கோல் அடித்தார். சென்னையின் எஃப்சிக்கு வந்த பிரேசில்காரர் எலானோ 8 கோல்களோடு லீக்கிலேயே அதிகம் அடித்தவரானார்; அவருடைய ஃப்ரீ கிக்குக்காகவே நேரு ஸ்டேடியத்தில் கூட்டம் எழுந்து நின்றது. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்த குட்டி லீக் அது. அங்கே ஒரு மூத்த வீரரை எடுப்பதற்கான நியாயமும் வேறு. டிக்கெட் விற்க வேண்டும், ஊருக்கு ஓர் அணி இருக்கிறது என்று தெரிய வேண்டும். எட்டு, ஒன்பது மாத லீக்கில் ஆடும் கிளப் அந்தக் கணக்கைப் பின்பற்ற முடியாது.

மீண்டும் மிலான், மீண்டும் அல்லெக்ரி

2025 கோடையில் ரியல் மாட்ரிட் நடுக்கள வீரர் லூகா மோட்ரிச்சை 13 ஆண்டுகளுக்குப் பின் வழியனுப்பியது. அவர் போய்ச் சேர்ந்தது ஏசி மிலான். வயது 39, செப்டம்பரில் 40. அங்கே பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்தவர் அல்லெக்ரி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் நின்று ஆட்டத்தை நடத்தும் ஒருவரை ஓரமாக நகர்த்திய அதே கிளப், அதே பயிற்சியாளர், இப்போது 40 வயதுக்காரரை அந்த இடத்தின் நடுவிலேயே நிறுத்தினார்கள்.

மோட்ரிச்சை நம் கேள்விகளில் வைத்துப் பாருங்கள். மாட்ரிட் விட்ட காரணம் தலைமுறை மாற்றம்; கடைசி சீசனிலும் அவர் ஓரமாக உட்கார்ந்து காயம் ஆற்றிக்கொண்டிருக்கவில்லை, ஆடிக்கொண்டுதான் இருந்தார். மிலானில் அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. முந்தைய சீசனில் அவர்கள் எட்டாம் இடம். எட்டாம் இடம் என்றால் ஐரோப்பியப் போட்டி இல்லை. பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம், 2011இன் யுவென்டஸுக்குக் கிடைத்த அதே அட்டவணை. ஒப்பந்தம் ஓராண்டு, இன்னோர் ஆண்டுக்கு நீட்டிக்கும் வாய்ப்போடு. பெயரை மறைத்துவிட்டு இந்த நிபந்தனைகளை மட்டும் காட்டினாலும் நான் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பேன்.

அதே வீரரை புதன்கிழமை சாம்பியன்ஸ் லீக், ஞாயிற்றுக்கிழமை லீக் என்று ஆடும் அணி கேட்டிருந்தால்? வேறு பதில் சொல்வேன். முதல் பதினொருவரில் ஒருவராக வேண்டாம், 25 ஆட்டத்துக்குத் திட்டமிட்டு, சம்பளத்தில் ஒரு பகுதியை ஆடிய ஆட்டங்களோடு கட்டிப்போட்டு எடுங்கள் என்பேன். நீட்டிப்பையும் அதே எண்ணிக்கையோடு இணைக்கலாம். வீரர் ஆடினால் அவருக்கு லாபம், ஆடாவிட்டால் கிளப்புக்கு நஷ்டம் குறைவு. இதற்கு ஒத்துக்கொள்ளாத வீரர், தன் உடலைப் பற்றித் தனக்கே உள்ள சந்தேகத்தைச் சொல்லாமல் சொல்கிறார்.

கையெழுத்து வாங்கிய அன்றே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல கிளப்புகள் அதைத் தள்ளிப்போடுகின்றன. அவருக்குப் பின் யார்? யுவென்டஸே இதில் தடுமாறியது. பெர்லின் இறுதியாட்டத்துக்குப் பின் 36 வயது பிர்லோ அமெரிக்காவின் நியூயார்க் சிட்டி கிளப்புக்குப் போனார். விடாலும் முன்கள வீரர் டெவஸும் அதே கோடையில் போய்விட்டார்கள். ஆழத்திலிருந்து பந்தைக் கொடுக்கும் வேலை மார்கிசியோவின் தலையில் விழுந்தது. அவரோ காயத்தோடு இருந்தார். தொடர்ந்து நான்கு முறை சாம்பியனாக இருந்த அணி 2015-16இன் முதல் பத்து ஆட்டங்களில் எடுத்தது 12 புள்ளிகள். அதன் பிறகு மீண்டு வந்து அந்தப் பட்டத்தையும் வென்றார்கள் என்றாலும், அந்த இரண்டு மாதத் தடுமாற்றத்துக்கான ஏற்பாட்டை நான்கு ஆண்டுக்கு முன்பே, பார்மாவுக்கு எதிராக அந்த முதல் பந்து பறந்தபோதே தொடங்கியிருக்க முடியும்.